நீல விளக்கைக் கூட்டாதே

— அதைத் தொடாதே, லைல். பசை இன்னும் காயலை.

— தொடலை, பாக்குறேன். இது என்ன ஆர்டிஸ், சாப்பாட்டு மேசை மேல விமானம் கட்டிட்டு இருக்கியா?

— விமானத்துக்கு ஒயர் கட்டுறதைத்தான் இருபத்திரண்டு வருஷமா ஃபேக்டரியில பண்றேனே, சனிக்கிழமை வீட்டுலயும் அதுவா? தொட்டிக்கு விளக்கு செய்றேன்.

— நீயா? நம்ம பவளம் வளக்குற தொட்டிக்கா?

— ‘நம்ம’ன்னு வாய் கூசாம வருது பாரு. ரெண்டு வருஷம் கழிச்சு, ஒரு போன் கூடப் பண்ணாம வந்து கதவைத் தட்டுறவனுக்கு ‘நம்ம’ ஒண்ணுதான் கேடு. பூட்ஸைக் கழட்டி வாசல்லயே வை. இப்பத்தான் தரை துடைச்சேன்.

— கழட்டிட்டேன். சாக்ஸ்ல ஓட்டை இருக்கு, பாக்காதே.

— பாத்தாச்சு. காப்பி சூடா இருக்கு, நீயே ஊத்திக்கோ. கப்பு எங்க இருக்குன்னு ஞாபகம் இருக்கா?

— நீ இடம் மாத்தாம இருந்தா ஞாபகம் இருக்கு.

— நான் எதையும் இடம் மாத்தலை.

— ம். இங்கதான் இருக்கு. என் கப்பும் இருக்கே.

— இருந்தா என்ன? அதுல ஸ்க்ரூ போட்டு வெச்சிருந்தேன். கொட்டிட்டுக் கழுவிக்கோ.

— பழைய விளக்கு என்ன ஆச்சு, ஆர்டிஸ்? நாலு டியூபும் நல்லாத்தானே எரிஞ்சுட்டு இருந்தது.

— போச்சு. அந்த டியூப் இப்ப கடையில வர்றதே இல்லை. அதான் எல்.இ.டி.யில செய்யலாம்னு உக்காந்தேன். நம்ம பவளம் வளக்குறவங்க சங்கத்து ஆளுங்க எழுதி வெச்சிருக்கறதைப் படிச்சேன். பன்னிரண்டு நீலம், ஆறு வெள்ளை. ஒவ்வொண்ணும் சட்டைப் பட்டன் அளவு. அலுமினியத் தகட்டுல வரிசையா ஒட்டி, ஒயர் பிடிச்சு, பின்னாடி ஒரு கரண்ட் பெட்டி, கூட்டக் குறைக்க ரெண்டு திருகு. விமானத்துக்குள்ள ஓடுற ஒயருக்கு முன்னாடி இது எம்மாத்திரம்.

— பாரு, நான் குறை சொல்லலை. ஆனா இந்த ஓரத்துல ரெண்டு பல்பை நெருக்கி வெச்சிருக்கே. சூடு அங்கேயே தங்கிடும்.

— தங்காது. மேல காத்தாடி வரப்போகுது.

— காத்தாடிக்கு எங்க போனே?

— உன் பழைய கம்ப்யூட்டரைக் கழட்டினேன்.

— என் கம்ப்யூட்டரையா? அதுல நான் எத்தனை போட்டோ…

— போட்டோவைப் பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன், பயப்படாதே. காத்தாடியைத்தான் எடுத்தேன். விட்டுட்டுப் போனதெல்லாம் என்னுது, லைல். இப்ப சொல்லு கேப்போம், எதுக்கு வந்தே?

— அதாவது… இந்தப் பக்கமா வந்தேன், அப்படியே…

— நீ இருக்குற டொபீகாவுல இருந்து பாத்தா இந்த விச்சிட்டா எதுக்கும் வழியில இல்லை, ரெண்டு மணி நேர ஓட்டம். தபால்காரனுக்கு நான் வழி சொல்லணுமா?

— ஒரு துண்டு கேக்க வந்தேன்.

— என்ன துண்டு?

— பவளத்துல ஒரு துண்டு, வெச்சு வளக்க. உனக்கே தெரியும் எதுன்னு. உன் பேர் வெச்சது.

— அந்தப் பேச்சை எடுக்காதே. இந்தக் கான்சாஸ்லயே பவளத்துக்குப் பொண்டாட்டி பேர் வெச்ச ஒரே ஆள் நீதான். சங்கத்துக் கூட்டத்துக்குப் போனா ஒவ்வொருத்தனா என்கிட்ட வருவான். ‘ஆர்டிஸ் எங்க வீட்டுல நல்லா இருக்கா, போன மாசம் ரெண்டா வெட்டினேன்’னு சொல்வான். அவன் பொண்டாட்டி பக்கத்துல நின்னுட்டு என்னை மேலயும் கீழயும் பாப்பா.

— பச்சை உடம்பு, நுனியில ஊதா. வேற என்ன பேர் வெக்கச் சொல்றே? அந்த வருஷம் உன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு பச்சைக் கவுன் போட்டுட்டு, ஊதாப் பூவைக் குத்திட்டு…

— போதும். நீ போகும்போது உனக்குன்னு ஒரு துண்டு வெட்டி எடுத்துட்டுத்தானே போனே. குளுருக்கு டப்பாவைக் கோட்டுக்குள்ள வெச்சுக் கட்டிப் பிடிச்சுட்டு. என்னை ஒரு நாள் அப்படிப் பிடிச்சதில்லை.

— அது செத்துப்போச்சு.

— எப்படி?

— அதை மட்டும் கேக்காதே.

— துண்டு வேணுமா வேண்டாமா?

— வேணும்.

— அப்ப சொல்லு.

— விளக்குதான். நானே செஞ்சேன், இதே மாதிரி. வாடகை வீட்டுல ஒரு சின்னத் தொட்டி வெச்சு, அதுக்கு மேல. ரொம்பக் கூட்டிட்டேன்.

— யாரு, நீயா? ஊருக்குத்தான் உபதேசமா? சங்கத்துல புதுசா ஒருத்தன் சேர்ந்தா போதும், பிடிச்சு உக்காத்தி வெச்சுப் பாடம் எடுப்பியே. ‘நீல விளக்கு நம்ம கண்ணுக்கு மங்கலாத்தான் தெரியும். பவளத்துக்கு அது உச்சி வெயிலு. மங்கலா இருக்குன்னு கூட்டாதே. நூத்துக்கு இருபதுல ஆரம்பி, வாரத்துக்கு அஞ்சு ஏத்து.’ எனக்கே மனப்பாடம். நீ தூக்கத்துல கூட சொல்வே.

— தெரியும், ஆர்டிஸ். இருபதுலதான் வெச்சேன்.

— பின்ன?

— கலர் வரலை. தபால் போட்டு முடிச்சு வீட்டுக்கு வந்து அது முன்னாடி உக்காருவேன். நீ இந்த அடுப்புகிட்ட நின்னு ஏதாவது கிண்டிட்டு இருக்கும்போது, ஜன்னல் வெளிச்சம் கொஞ்சம் தொட்டியில விழும்போது, ஒரு பச்சை தெரியுமே, அந்தப் பச்சை வரலை. முப்பது வெச்சேன், இல்லை. அறுபது வெச்சேன், இல்லை. விளக்கு பத்தலைன்னு நினைச்சேன் பாரு, அதான் என் முட்டாத்தனம். நூறு வரைக்கும் திருகிட்டேன். அப்பவும் அந்தப் பச்சை இல்லை. நாலாம் நாள் வேலைக்குக் கிளம்பும்போது பாக்குறேன், வெள்ளை வெளேர்னு எலும்பா நிக்குது.

— அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு.

— ஆமா.

— ஆமான்னு உடனே ஒத்துக்கிட்டா நான் எப்படித் திட்டுறது? முன்னாடி எல்லாம் நாலு வார்த்தை எதிர்த்துப் பேசுவே.

— டொபீகாவுல எதிர்த்துப் பேச ஆள் இல்லை. பழக்கம் விட்டுப்போச்சு.

— சரி, சும்மா உக்காந்திருக்காதே. இந்தா, அந்த ஆறு வெள்ளையை ஒட்டு. அடியில பசை மிளகு அளவு போதும், ரொட்டிக்கு வெண்ணெய் தடவுற மாதிரி அப்பாதே.

— இங்கயா?

— பென்சில்ல புள்ளி வெச்சிருக்கேன் பாரு.

— சங்கத்துச் சட்டப்படி நீ எனக்கு ஒரு துண்டு குடுக்கணும், தெரியுமில்ல? நல்லா வளந்தா வெட்டி நாலு பேருக்குக் குடுக்கணும். குடுத்தவன் தொட்டி அழிஞ்சுபோனா, வாங்கினவன் ஒரு துண்டு திருப்பிக் குடுக்கணும். கேள்வி கேக்கக் கூடாது.

— அது வாங்கினவங்களுக்கு. நான் உன்கிட்ட எதையும் வாங்கலை. நீ விட்டுட்டுப் போனே. விட்டுட்டுப் போனவனுக்கு உன் சங்கத்துல என்ன சட்டம் இருக்கு?

— இல்லை. அதுக்குச் சட்டம் இல்லை.

— நாலாவது பல்பைத் திருப்பி வெச்சிருக்கே. கூட்டல் குறி என் பக்கம் வரணும். ஒண்ணு திரும்பினா வரிசை பூரா எரியாது.

— இப்ப சரியா?

— சரி. கண்ணாடி போட மாட்டேன்னு இன்னும் வீம்பா?

— கார்ல இருக்கு. பதினோரு பேருக்குக் குடுத்தேன், ஆர்டிஸ். விசாரிச்சா இப்ப மூணு பேர்கிட்டத்தான் உயிரோட இருக்காம். சலைனாவுல நம்ம வெண்டல்கிட்ட இருக்குறது மட்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு…

— அந்த ஈயக் கம்பிச் சுருளை இப்படித் தள்ளு. பேச்சு பேச்சா இருக்கட்டும், கை நிக்கக் கூடாது.

— இந்தா. பத்த வெக்கிறதை நான் பண்ணட்டுமா?

— நீயா? நீ ஈயம் வெச்சா காக்கா எச்சம் போட்ட மாதிரி இருக்கும். தள்ளி உக்காரு. இது என் தொழில்.

— அது உண்மைதான். உன் கை ஆடாது. நான் அதையே பாத்துட்டு உக்காந்திருப்பேன் முன்னாடி எல்லாம்.

— நீ பாத்தது தொட்டியை. என் கையை எப்ப பாத்தே?

— ரெண்டும்தான் பாத்தேன். இப்ப ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரட்டுமா, தொட்டியை?

— அங்கேயேதான் இருக்கு. போய்ப் பாரு.

— ஆர்டிஸ்.

— என்ன?

— இது சின்னதா இருக்கே. நான் போகும்போது என் உள்ளங்கை அளவு இருந்தது. இப்ப ரெண்டு விரல் அகலம் கூட இல்லையே.

— வெளிச்சம் பத்தலை. சுருங்கிப்போச்சு.

— பவளம் சுருங்காது.

— என் வீட்டுல சுருங்கும்.

— பாறை எல்லாம் வெள்ளையா இருக்கு. மேல ஊதாப் பூச்சு மாதிரி படர்ந்திருந்ததே, பதினோரு வருஷத்துப் பூச்சு.

— அழுக்குன்னு நினைச்சுத் தேய்ச்சுக் கழுவிட்டேன்.

— மீனு ரெண்டும்?

— பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துட்டேன். மூணாம் வகுப்புல வெச்சிருக்காங்க. ரெண்டும் கொழுத்துப்போய் இருக்காம். இன்னும் என்ன விசாரணை பாக்கி இருக்கு?

— ஒண்ணும் இல்லை. பழுப்பா இருக்கு, அவ்வளவுதான். பச்சையே தெரியலை.

— அதுக்குத்தானே இந்த விளக்கு. ஒரு மேசை விளக்கை வளைச்சு வெச்சு ரெண்டு வருஷம் ஓட்டினேன். சாகலை. ஆனா ரெண்டு வருஷமா இதே பழுப்புதான். தினமும் வேலைக்குப் போகுமுன்னாடி ஒரு தடவை பாக்குறேன், வந்ததும் ஒரு தடவை பாக்குறேன். இன்னைக்காவது ஓரத்துல கொஞ்சம் பச்சை வந்திருக்குமான்னு. எனக்கும் அந்தப் பச்சைதான் வேணும், லைல். உனக்கு மட்டுமா?

— நீதான் இந்தத் தொட்டியைக் கண்டாலே ஆகாதுன்னு சொல்வே. உப்பு படிஞ்சு தரை போச்சு, எங்கயும் ஊருக்குப் போக முடியலைன்னு.

— சொன்னேன். சத்தம் நின்னப்புறம்தான் தெரிஞ்சது, அந்தத் தண்ணிச் சத்தம் இல்லாம இந்த வீட்டுல சாப்பிட முடியலைன்னு.

— எப்ப நின்னது சத்தம்?

— பேச்சுக்குச் சொன்னேன். அடுப்புல சில்லிக் கறிக்குழம்பு இருக்கு, கூடத் தின்ன சினமன் ரோல் பன்னு இருக்கு. வேணும்னா எடுத்துக்கோ. எனக்கு இந்த வரிசை முடியணும்.

— நீயும் வா, சேந்து சாப்பிடலாம்.

— லைல், நான் ஒண்ணு கேக்குறேன். அன்னைக்கே கேட்டிருக்கணும். கேட்டா கையில இருக்குறதை எடுத்து அடிச்சிருப்பேன், அதான் கேக்கலை. இப்ப கேக்குறேன். அந்த மூணு நாள் நீ இங்க என்ன பண்ணினே?

— எந்த மூணு நாள்?

— எந்த மூணு நாளுன்னு என்னையே கேக்குறியா?

— இல்லை. தெரியும்.

— ஐஸ் மழை பெஞ்சு கரண்ட் போச்சு. எங்கம்மா செத்து ஒரு நாள் ஆச்சு. நீ வர்றேன்னு சட்டை எல்லாம் தேய்ச்சு வெச்சிருந்தே. கிளம்புற நேரத்துல தொட்டியைப் பாத்துட்டு, ‘நீ முன்னாடி போ, கரண்ட் வந்ததும் நான் பின்னாடியே வந்துடுறேன்’னே. நான் அம்மா ஊருக்கு, நெப்ராஸ்கா வரைக்கும் தனியா ஓட்டினேன். ரோட்டுல ரெண்டு பக்கமும் லாரி கவுந்து கிடக்குது. எங்கம்மாவைத் தனியா அடக்கம் பண்ணினேன். பனியா இருந்தா என்ன, புயலா இருந்தா என்ன, ஊர்ல இருக்குற ஒவ்வொரு வாசலுக்கும் போய் நிக்கிறவன் நீ. எங்கம்மா வாசலுக்கு வர மட்டும் உனக்கு வழுக்கிடுச்சு.

— சொல்றேன். வீட்டுல இருந்த போர்வை எல்லாத்தையும் எடுத்துத் தொட்டியைச் சுத்தினேன். கேம்ப் அடுப்புல வெந்நீர் போட்டு பாட்டில்ல அடைச்சு உள்ள மிதக்க விட்டேன். பம்பு இல்லைன்னா தண்ணி தேங்கிடும், மூச்சு முட்டும். அதனால அரை மணிக்கு ஒரு தடவை சட்டியில மொண்டு மொண்டு ஊத்தினேன், கையால கலக்கினேன். மூணு நாள். உக்காந்தே தூங்கினேன். கை எல்லாம் உப்புல வெடிச்சுப்போச்சு. ஒண்ணு கூடச் சாகலை.

— ஒண்ணு கூடச் சாகலை. நான் கறுப்புக் கோட்டோட உள்ள வர்றேன், அதைத்தான் மொதல் வார்த்தையாச் சொன்னே. ‘ஆர்டிஸ், ஒண்ணு கூடச் சாகலை’ன்னே. சிரிச்சுக்கிட்டே.

— அப்படியா சொன்னேன்?

— அந்த வார்த்தைக்குத்தான் உன்னைப் போகச் சொன்னேன். வராததுக்குக் கூட இல்லை.

— பாரு, ஆர்டிஸ். அன்னைக்கு நான் போட்ட கணக்கை ரெண்டு வருஷமா யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். உங்கம்மா போயிட்டாங்க, இனிமே அவங்களுக்கு நான் பண்ண ஒண்ணும் இல்லை. இது உயிரோட இருக்கு, என் கையை எடுத்தா செத்துடும். அதனால உயிரோட இருக்குறதுகிட்ட இருக்கேன். அப்படித்தான் கணக்குப் போட்டேன். உயிரோட இருக்குற நீ அந்த ரோட்டுல தனியாப் போறே. அது என் கணக்குலயே வரலை. நான் வந்திருக்கணும். எல்லாம் செத்து நாறினாலும் உன் பக்கத்துல நின்னிருக்கணும். அதைச் சொல்லாம டப்பாவைத் தூக்கிட்டுப் போனேன் பாரு, அது அதைவிடப் பெரிய தப்பு.

— இதை அப்பவே சொல்லியிருந்தா?

— அப்ப புத்தி வரலை. பட்டப்புறம்தானே வருது.

— எங்கண்ணன் சர்ச்சு வாசல்ல வெச்சுக் கேட்டான், லைல் எங்கன்னு. ரோடு மோசம், வர முடியலைன்னேன். அவன் என் வண்டி டயரைப் பாத்தான், என்னைப் பாத்தான். அந்த ரோட்டுல ஓட்டிட்டு வந்தவளே நான்தானே. எனக்கு அழுகை எங்கம்மாவுக்கு வரலை, அதுக்குத்தான் வந்தது.

— ஆர்டிஸ்.

— விடு. கண்ணுல ஈயப் புகை. அந்த மீட்டரை எடு. இந்த முனையில ஒண்ணை வை, அந்த முனையில ஒண்ணை வை.

— வெச்சேன். முள்ளு ஆடுது.

— அப்ப நீல வரிசை சரி. வெள்ளையிலயும் வை.

— இதுவும் ஆடுது. அடேங்கப்பா, ஒரே தடவையில. நான் செஞ்சப்ப நாலு நாள் ஆச்சு.

— சொன்னேனே. அந்தப் பக்கம் பிடி, தூக்கி மாட்டலாம். உத்தரத்துல ரெண்டு கொக்கி போட்டு வெச்சிருக்கேன்.

— கொஞ்சம் உசத்து. தண்ணியில இருந்து ஒரு முழமாவது இருக்கணும். அடியில ஒரு பிளாஸ்டிக் தகடும் வேணும், இல்லைன்னா உப்புத் தண்ணி தெறிச்சு ஒரே வருஷத்துல ஒயர் எல்லாம் களிம்பு பிடிச்சுடும்.

— தகடு அறுத்து வெச்சிருக்கேன், கதவுக்குப் பின்னாடி. எல்லாம் நீ கத்துக் குடுத்ததுதான். காது கொடுத்துக் கேக்கலைன்னு நினைச்சியா?

— நினைச்சேன்.

— போடு சுவிட்சை.

— நீ போடு. உன் விளக்கு.

— சரி. போட்டாச்சு… எரியுதா இது? இவ்வளவுதானா?

— எரியுது. இருபதுல இருக்கு.

— இவ்வளவு மங்கலா இருக்கு. ஒண்ணுமே தெரியலை. கொஞ்சம் கூட்டுறேன்.

— வேண்டாம். கையை எடு. நீல விளக்கைக் கூட்டாதே, ஆர்டிஸ். உன் கண்ணை நம்பாதே. அது ரெண்டு வருஷம் இருட்டுல இருந்தது, இதுவே அதுக்கு ஜாஸ்தி. பத்து நாள் இப்படியே இருக்கட்டும். அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை, சனிக்கிழமை சனிக்கிழமை, ஒரு கோடு மட்டும் ஏத்தணும். ரெண்டு மூணு மாசத்துல ஓரத்துல மொதல்ல பச்சை வரும்.

— சனிக்கிழமை சனிக்கிழமை யாரு ஏத்துறது? எனக்குப் பொறுமை இருக்கா? நீ போனதும் நான் திருகிடுவேன்.

— நான் வேணா வந்து ஏத்திட்டுப் போறேன்.

— ஒரு திருகைத் திருக டொபீகாவுல இருந்தா?

— ஆமா. உனக்கு வேணும்னா. வேண்டாம்னா அந்தத் திருகைப் பிடுங்கி என்கிட்ட குடு.

— துண்டு கேட்டியே, அதை என்ன பண்றது? இப்ப வெட்டவா?

— இப்ப வெட்டக்கூடாது. புது விளக்கு, அது பழகணும். இந்த நேரத்துல கத்தி வெச்சா செத்துடும். பச்சை திரும்பி, நல்லா வளந்தப்புறம் பாக்கலாம்.

— அது எத்தனை நாள்?

— ஒரு வருஷம் ஆகும்.

— ஒரு வருஷம் இங்க வந்து போயிட்டு இருக்கப்போறே.

— வந்துட்டு இருக்கப்போறேன்னுதான் சொல்றேன். ‘போயிட்டு’ன்னு நீதான் சேக்குறே.

— இரு, லைல். இதுக்கு மேல நீ ஒரு வார்த்தை பேசுறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு நீ கிளம்புறதுன்னா கிளம்பு, நான் தடுக்க மாட்டேன்.

— சொல்லு.

— நீ போன மறுநாள் காலையில நான் எல்லா ப்ளக்கையும் பிடுங்கிட்டேன். ஹீட்டர், பம்பு, விளக்கு, எல்லாம். மீனை மட்டும் வாளியில பிடிச்சுப் பள்ளிக்கூடத்துல விட்டேன். மத்ததுகளை விட்டுட்டேன். நீ மூணு நாள் கையால கலக்கிக் காப்பாத்தினது எல்லாம் நாலு நாள்ல போச்சு. இதே நாற்காலியில உக்காந்து பாத்துட்டு இருந்தேன். நாத்தம் தாங்கலை, ஜன்னலைத் திறந்து வெச்சேன். அந்தப் பழைய விளக்கு ஒண்ணும் கெட்டுப்போகலை, நான்தான் தூக்கிச் சந்துல எறிஞ்சேன். உன் உள்ளங்கை அளவு இருந்ததும் அப்பவே செத்துப்போச்சு. பதினோரு வருஷம் நீ வளத்ததை நான் கொன்னேன், லைல். எங்கம்மாவுக்கு நீ பண்ணினதுக்குப் பதிலுக்குப் பதில்னு நினைச்சேன். ஆகலை. ஒண்ணுக்கும் ஒண்ணு பதில் ஆகலை.

— அப்ப இது?

— இது அதே வருஷம் ஏப்ரல்ல கொண்டு வந்தது. வீட்டுல சத்தம் இல்லாம ரெண்டு மாசம் இருந்தேன், முடியலை. வண்டியை எடுத்துட்டு சலைனாவுக்குப் போனேன். வெண்டல்கிட்ட, லைல் தொட்டி அழிஞ்சுபோச்சு, அவனுக்குச் சேர வேண்டிய துண்டைக் குடுன்னு கேட்டேன். நீ அனுப்பினேன்னு பொய் சொன்னேன். அவன் நகத்தளவு வெட்டிக் குடுத்தான். என்னைக்காவது நீ இதைக் கேட்டு வந்து நிப்பேன்னு எனக்குத் தெரியும். வேற எதைக் கேட்டும் நீ வர மாட்டே, உன் ரோஷம் எனக்குத் தெரியாதா? நீ வந்து நிக்கும்போது என்கிட்ட அது இல்லைன்னா, சரின்னு சொல்லிட்டுத் திரும்பிப் போயிடுவே. அதுக்காகத்தான் இதைச் சாக விடாம வெச்சிருந்தேன். திட்டு. உனக்கு உரிமை இருக்கு.

— திட்ட என்ன இருக்கு, ஆர்டிஸ்? போன சனிக்கிழமை நான் துண்டு கேட்டு மொதல்ல சலைனாவுக்குத்தான் போனேன். வெண்டல் கதவைப் பாதி திறந்து வெச்சுக்கிட்டு, ‘உனக்குச் சேர வேண்டியதை உன் பொண்டாட்டி ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே வந்து வாங்கிட்டுப் போயிட்டாளே, நீ இன்னுமா வீட்டுக்குப் போகலை?’ன்னு கேட்டான்.